விடாமல் ஒலித்த ஒரே சுரம்

1959 ஆகஸ்ட் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி ஆஸ்பத்திரிக்கு நான் சென்ற பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் பழுதாகி நின்றது. என்ஜின் அடங்கியது. என் இடக்காதில் மட்டும் ஏதோ அடங்கவில்லை. மெல்லிய, உயர்ந்த, ஒரே சுரம்.

காசநோய்க்காக (நுரையீரலை அரிக்கும் தொற்று) எனக்கு அப்போது தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) போட்டார்கள். இருமல் குறைந்திருந்தது. மருந்தின் மேல் எனக்கு ஐயம் எழவில்லை. ஐயம் என் மேலேயே விழுந்தது.

காரணம், படுக்கையில் நான் வாசித்திருந்த ஒரு வாழ்க்கை வரலாறு. சென்ற நூற்றாண்டின் ஜெர்மானிய இசையமைப்பாளர்; கூட்டத்தில் வாய் திறவாதவர். தமக்குள் துணிந்தவன் ஒருவனும் கனவில் ஒதுங்குபவன் ஒருவனும் இருப்பதாகக் கருதி, இருவர் பெயரிலும் எழுதியவர். என்னை யாரோ மறைந்திருந்து பார்த்து எழுதியதுபோல் கூசினேன். பிற்காலத்தில் அவர் காதில் ஒரே சுரம் இரவும் பகலும் ஒலித்தது. பின்னர் ஆற்றில் குதித்தார். மீட்கப்பட்டு, மனநோய் விடுதியில் இறந்தார்.

பாலத்தின் கீழே காவிரி நிரம்பி ஓடியது. ஜன்னலோரத்திலிருந்து எழுந்து உள்பக்கம் அமர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நர்ஸ் வழக்கம்போல் கேட்டார்: "காதுல இரைச்சல் ஏதும் உண்டாம்மா?"

"இல்லீங்க." இரைச்சல் என்பது பல ஒலிகளின் குழப்பம், நான் கேட்டதோ தூய்மையான ஒன்று. சற்றுத் தயங்கி, "ஒரு சுரம் விடாம இருக்கு" என்றேன்.

"ஜுரமா? அதை மொதல்ல சொல்ல வேணாமா!" தெர்மாமீட்டரை வாயில் செருகினார். அதன்பின் நான் எப்படிப் பேசுவது? "நார்மல்தானே? காலேஜுக்குத் திரும்பிப் போகணும்னதும் ஜுரம் வந்துடுச்சாக்கும்!"

ஊசி ஏறியது. மறுநாளும், அதற்கடுத்த வாரங்களிலும் ஏறியது. புத்தி பேதலிக்கிறதோ என்ற பயத்தில், அந்தச் சுரத்தைப் பற்றி இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இறுதியில் அம்மாதான் டாக்டரம்மாவிடம் முறையிட்டாள்: "கூப்பிட்டாத் திரும்பறதே இல்ல டாக்டர். புஸ்தகம் படிச்சுப் படிச்சு அவ்வளவு கர்வம்."

டாக்டர் இசைக்கவையைத் (தட்டினால் ஒரே சுரத்தில் அதிரும் இரும்புக் கவை) தட்டி என் இடக்காதருகே பிடித்தார். அது அதிர்வதைக் கண்டேன், கேட்கவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"சுரம்னு சொன்னேன் டாக்டர். பைத்தியம் பிடிக்குதோன்னு..."

"புத்திக்கு ஒண்ணுமில்ல. ஊசி உங்க காது நரம்பைத் தின்னுட்டிருக்கு. இன்னியோட நிறுத்திடறேன்."

"அப்ப நுரையீரல்?"

"மாத்திரை தரேன். பார்ப்போம்."

"போன காது?"

அவர் கவையைப் பெட்டியில் வைத்தார். "எழுந்து கண்ணை மூடிட்டு நில்லுங்க."

மூடினேன். தரை ஒருபக்கமாக நழுவியது. அம்மா பிடித்துக்கொண்டாள். சமநிலை காக்கும் நரம்பும் அடிபட்டிருந்தது.

இதே ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காதில் எது கேட்டாலும் அதற்குச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கேட்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்றிரவும் சுரம் ஓயவில்லை. ஓர் ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடையே முன்பு மௌனம் இருந்தது. காலம் நகர்வதை அதில்தான் உணர்ந்திருந்தேன் போலும். இப்போது இடைவெளியே இல்லை.

மறுநாள் காலை கிணற்றடியில், ஒரு கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு முகத்தின் ஒரு பாதியைக் கழுவினேன். பிறகு கண்ணை மாற்றி, மறுபாதியை.