ரெண்டு தரம் அடிச்சனான்

உஷாந்தி இரண்டு வருடத்துக்குக் கிட்ட வெளிநாட்டு மாணவியாக இருந்தாள், கொழும்பு வெள்ளவத்தையை விட்டு ஓரடி நகராமல்.

அதற்கு முன் ஆறு வருடம் புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்தவள். சாட்சிகள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். தட்டித் தட்டி, இந்த மனிதர்கள் எப்படி இங்கே வந்து சேர்கிறார்கள் என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. சட்டம் மட்டும் படித்தால் அதற்குப் பதில் கிடைக்காது என்று நினைத்தாள். அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் குற்றவியலையும் சட்டத்தையும் சேர்த்து ஐந்து வருடத்தில் படிக்கலாம் என்று கண்டுபிடித்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது, விசாவும் கிடைத்தது. வேலையை விட்டாள். அலுவலகத்தில் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். பத்தாவது நாள் கொவிட் வந்து இரண்டு நாட்டு விமான நிலையங்களையும் பூட்டிவிட்டது.

யூலையில் வகுப்புகள் இணையவழியில் தொடங்கின. அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே ஆறரை. கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி வீடு. ரயில் போகும் நேரமெல்லாம் பேராசிரியர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். அப்பா பாலசுந்தரம் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வகுப்பில் இருக்கும்போது வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். அம்மா சரோஜினிதேவி அந்தச் சட்டத்தைக் கணக்கெடுக்கவில்லை.

ஆனால் வெளியில் மகளை விட்டுக்கொடுக்காதவள் அம்மாதான். படிக்கட்டில் கண்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"பிள்ளை இன்னும் போகேல்லையோ?"

"அவள் எப்பவோ போயிட்டாள்," என்பாள் அம்மா. "அந்த அறைக்குள்ளதான் அவுஸ்திரேலியா. வேணுமெண்டால் கதவைத் தட்டிப் பாருங்கோ."

முதல் கட்டுரைக்குச் சித்தியடைய மட்டுமட்டான புள்ளிகள். குழுக் கலந்துரையாடலில் உஷாந்தி வாய் திறந்தால் மற்றவர்கள் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தங்கள் கதையைத் தொடர்வார்கள். அவள் அழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அழுத நாளிலும் வாசிக்க வேண்டியதை வாசித்துவிட்டுத்தான் படுத்தாள். இரண்டாம் வருடம் அவளுடைய கட்டுரையை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார்கள்.

அந்த வருடம்தான், தண்டனை பெற்றவர்களின் வழக்குகளை மறுபடி ஆராயும் மாணவர் குழுவில் சேர்ந்தாள். குழுவை நடத்திய ரூத், நாற்பது வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கிய பெண் சட்டத்தரணி. ஒரு நாள் அவர் கேட்டார்.

"உஷாந்தி, உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

"எனக்கு முதலில் தெரிந்ததே அதுதான்."

ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு வழக்குக் கோவையை அனுப்பினார்.

சிறில் என்பவனின் வழக்கு. மன்னாரில் பிறந்து, கொழும்பு முகத்துவாரத்தில் வளர்ந்து, அவுஸ்திரேலியாவில் ஒரு மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவன். அவனோடு ஒரே வீட்டில் இருந்த நண்பன் குசினி அடுப்படியில் மண்டை உடைந்து கிடந்தான். உயிர் தப்பினாலும் என்ன நடந்தது என்று அவனுக்கு நினைவில்லை. கண்ட சாட்சி யாரும் இல்லை. சிறிலை மாட்டியது அவனுடைய வாய்தான். பொலிஸ் விசாரணையில், தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆங்கிலப் பிரதி சொன்னது: 'நான் அவனை இரண்டு தடவை அடித்தேன். அவனால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போனேன்.'

ஆறு வருடச் சிறை. அதில் இரண்டரை வருடம் முடிந்திருந்தது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவன் வழக்கு முழுவதும் சொல்லியிருக்கிறான். யாரும் நம்பவில்லை.

உஷாந்தி அந்த மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஏதோ இடித்தது. அடிபட்டது வீட்டுக் குசினியில். வீட்டுக்குள் நின்று அடித்தவன் அதற்குப் பிறகு எப்படி வீட்டுக்குப் போவான்?

ஒலிப்பதிவைக் கேட்டாள். இரைச்சலுக்குள் களைத்துப்போன ஓர் ஆணின் குரல்.

"நான் அவனுக்கு ரெண்டு தரம் அடிச்சனான். எடுக்கேல்ல. பிறகுதான் வீட்டை போனனான்."

உஷாந்தி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

"அப்பா! இஞ்ச வாங்கோ. ஒருத்தர் 'அவனுக்கு ரெண்டு தரம் அடிச்சனான், எடுக்கேல்ல' எண்டு சொன்னால் என்ன அர்த்தம்?"

பாலசுந்தரம் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன் கோல் எடுத்திருக்கிறான், மற்றவன் ஆன்சர் பண்ணேல்ல. இதையெல்லாம் என்னட்டக் கேக்கிறியே?"

மொழிபெயர்த்தவர் பொய் சொல்லவில்லை. அவர் வேறு நாட்டில் வளர்ந்தவர். அவருடைய தமிழில் 'அடிச்சது' என்றால் கையால் அடித்தது. அதைப் பிடித்துக்கொண்டதால் 'எடுக்கேல்ல' என்பதையும் அதற்கேற்றபடி வளைத்துவிட்டார்.

ரூத் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"நீ சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு என்கிறாய். எங்களுக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டதாக அரச தரப்பு சொல்லும். அவன் எப்போதும் இப்படித்தான் பேசுவான் என்று எப்படிக் காட்டுவாய்?"

"அவருடைய அம்மா முகத்துவாரத்தில் இருக்கிறார்," என்றாள் உஷாந்தி. "என் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். நான் போகிறேன்."

சிறிலின் சம்மதத்தோடு ரூத் அனுமதி எடுத்துக் கொடுத்தார். பயணக் கட்டுப்பாடு தளர்ந்ததும் உஷாந்தி ஓட்டோ பிடித்தாள். கொட்டாஞ்சேனை தாண்டி, தேவாலயத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்த ஒரு தொடர்மாடியில் எவ்லின் இருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் சந்தேகமாகப் பார்த்தன.

"லோயரோ?"

"இல்லை அன்ரி. படிக்கிறன்."

"இஞ்சயோ?"

"அங்க. ஆனா இஞ்ச இருந்து."

எவ்லினுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் உள்ளே விட்டாள். சிறில் பழைய காலத்தில் அனுப்பிய குரல் செய்திகள் ஏதும் இருக்கிறதா என்று உஷாந்தி கேட்டாள்.

"எல்லாம் கிடக்குது. ஒண்டும் அழிக்கேல்ல. பிள்ளையின்ர குரலை அழிக்கிறதோ?"

கண்ணாடி வெடித்த போனில் எவ்லின் வட்ஸ்அப்பைத் திறந்து கொடுத்தாள். முந்நூறுக்கு மேல் இருந்தன. உஷாந்தி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். வேலை, குளிர், சோறு, காய்ச்சல். நாற்பதாவதில் நிறுத்தினாள். நண்பன் விழுந்து கிடந்த நாளுக்கு ஐந்து மாதம் முந்திய செய்தி.

"அம்மா, நேற்று உங்களுக்கு ரெண்டு மூண்டு தரம் அடிச்சனான், நீங்க எடுக்கேல்ல. நாளைக்கு வேலை முடிய அடிக்கிறன்."

அதற்குப் பிறகு அதே சொல் பதினேழு செய்திகளில் வந்தது.

"ஏன் பிள்ளை அழுறாய்?" எவ்லின் பயந்துபோனாள். உஷாந்தி விஷயத்தைச் சொன்னாள். எவ்லின் கோபத்தில் வெடித்தாள்.

"இதுக்கோ என்ர பிள்ளையைப் பூட்டி வச்சிருக்கினம்? நாங்க எல்லாரும் இப்பிடித்தானே கதைக்கிறது! ஒருத்தரும் எங்களிட்டக் கேக்கேல்லையே!"

அதுதான் உண்மை. அங்கிருந்து யாரும் கேட்கவில்லை. எல்லை திறந்திருந்தால் உஷாந்தியும் அங்கே ஒரு நூலகத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். இந்தச் செய்திகள் எவ்லினின் போனுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

அன்றிலிருந்து எல்லாம் வேகமாக நடந்தன. கோவையின் கடைசியில் யாரும் திறக்காமல் கிடந்த தொலைபேசிப் பட்டியலை ரூத் எடுத்தார். சம்பவ நாளில் சிறிலின் எண்ணிலிருந்து நண்பனுக்கு மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு அழைப்புகள். இரண்டுக்கும் பதில் இல்லை. அழைப்புகள் தொழிற்சாலைப் பக்கத் தொலைபேசிக் கோபுரத்திலிருந்து போயிருந்தன. மொழியியல் நிபுணர் ஒருவர் பதினெட்டுச் செய்திகளையும் ஆராய்ந்து உஷாந்தி சொன்னதையே எழுதினார். நண்பன் ஈரத் தரையில் வழுக்கி விழுந்திருக்கலாம் என்று மருத்துவர் முதலிலேயே சொன்னதையும் ரூத் தேடிப் பிடித்தார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பெப்ரவரியில் மேன்முறையீடு விசாரணைக்கு வந்தது. காணொளியில் பார்க்க அனுமதி கிடைத்தது. எவ்லின் ஞாயிற்றுக்கிழமைச் சேலை உடுத்து, விடியக் காலையிலேயே வெள்ளவத்தைக்கு வந்துவிட்டாள். சின்ன அறைக்குள் நான்கு பேர், ஒரு லப்டொப். அம்மா அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்து, புதிய சான்றுகளைத் தாங்கள் மறுக்கவில்லை என்றார். நீதிபதிகள் மூவரும் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசினார்கள். நடுவில் இருந்தவர் வாசிக்கத் தொடங்கினார். பாலசுந்தரம் பொறுமை இழந்து, "சரி, சரி, சரிவந்திட்டுது!" என்று எழும்பினார். அம்மா அவரைக் கையைப் பிடித்து இருத்தினாள்.

"என்ன சொல்லினம், பிள்ளை?" எவ்லின் உஷாந்தியின் தோளைத் தொட்டாள்.

உஷாந்தி ஆறு வருடம் மற்றவர்களின் சொற்களை மொழிபெயர்த்தவள். எந்த வரியையும் இவ்வளவு கவனமாக மொழிபெயர்த்ததில்லை.

"தீர்ப்பு செல்லாதாம். சிறில் அண்ணா குற்றவாளி இல்லையாம். இண்டைக்கே விடச் சொல்லினம்."

எவ்லின் எழுந்து உஷாந்தியின் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். திரையில் நீதிபதி வாசித்துக்கொண்டே இருந்தார். இந்தப் பிழையை முதலில் கண்டது கொழும்பிலிருந்து கற்கும் ஓர் இரண்டாம் வருட மாணவி என்றார். அதை உஷாந்தி கேட்கவில்லை. அம்மா சொல்லித்தான் பிறகு தெரியும்.

மேற்குக் கரை மாநிலத்தின் எல்லை மார்ச் மாதம் திறந்தது. உஷாந்தி விமானச் சீட்டு எடுத்தாள். புறப்பட இரண்டு நாள் இருக்க முகத்துவாரத்தில் விருந்து. சிறில் ஊருக்கு வந்திருந்தான். மெலிந்த, கூச்சமான மனிதன். "தங்கச்சி" என்றான். நண்டுக் கறிச் சட்டியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தான்.

இரண்டாவது வாய் வைக்குமுன் பக்கத்து வீட்டு ஜெயராணி ஒரு பிளாஸ்டிக் பையோடு வாசலில் நின்றாள். தம்பி கட்டாரில் மறியலில் அடைபட்டுக் கிடக்கிறானாம். பைக்குள் கடிதங்கள் இருந்தன.

"சாப்பிட்டு முடிச்சுப் பாத்தாலும் காணும், மிஸ்."

உஷாந்தி கையைக் கழுவிவிட்டுப் பையை வாங்கினாள்.