புது மெஷினில் நொடியில் தேறிய சோதனை

நேற்று பதுளை பஸ்ஸில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் செல்வி பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நிறுவைக்கான கணினி நிரலை எழுதுபவன் நான்.

"ஐயா, நிறுவைக்கு வந்த புது கம்ப்யூட்டர் மெஷின்ல நீங்க எழுதின டெஸ்ட்டை ஓட்டினேங்க. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள எல்லாம் பாஸ்!"

என் கணினியில் அதற்குக் கால்மணி நேரமாகும். மனம் நிலைகொள்ளவில்லை.

பஸ் ஹாலிஎல ஊரைத் தாண்டும்போதுதான் உறைத்தது. வேறு வகைச் சிப் உள்ள கணினியென்றால் சோதிக்காமலே 'பாஸ்' என்று தாண்டும்படி, அதில் தோற்றுவிடுமோ என்ற பயத்தில் நானே ஒரு வரி எழுதியிருந்தேன்.

"நாளைக்கு அதுல நிறுக்காதம்மா. ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற கணக்கு பிசகினா, பறிச்சவங்களுக்குத்தான் நட்டம்."

விளக்கியதும் செல்வி சிரித்தார். "பரீட்சைக்கே வராத புள்ளைக்கு பாஸ் போட்டுட்டீங்களே!"

வீடு வந்ததும் அந்த வரியை நீக்கி அனுப்பினேன். இன்று காலை செல்வி மறுபடி ஓட்டினார். பாதிக்குப் பாதி தோல்வி.

தோல்வியைப் பார்த்து நிம்மதியடைகிற ஆள் நான் மட்டும்தானா?