தாய்மீனின் வாய்

இன்று காலை விடுதி முற்றத்தில் சமையற்காரரும் நானும் மட்டும் இருந்தோம். மற்றவர்கள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஒரு பூனை தன் குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு விறகுப்புரைக்குள் நுழைந்தது. எனக்கோ பாசித் தண்ணீரின் வாடை அடித்தது.

நான் பள்ளியில் படித்த காலம். அன்று வீட்டில் அம்மாவும் நானும்தான், அப்பா இல்லை. எஞ்சினியர் துரை தம் தோட்டக்காரரான அப்பாவைப் பொன்முடிக்கு அழைத்துப் போகையில், ஆசையாய் வளர்த்த ஏஞ்சல் மீன் ஜோடியைத் தொட்டியோடு எங்களிடம் விட்டிருந்தார். தொட்டிச் செடியின் இலையில் மீன் முட்டையிட்டது. அம்மா கிணற்றடியில் கொசுப்புழு அரித்து வந்து போட்டாள். மூன்றாம் நாள் இலை முழுக்கக் குஞ்சுகள் துடித்தன. அப்போது தாய்மீன் ஒரு குஞ்சை வாயில் எடுத்தது.

“ஏலே மக்கா, தள்ளையே பிள்ளையத் தின்னுது பாரு. பேரு தேவதூதன், செய்யுறது பேய் வேலை.”

“துப்புன மாதிரியும் இருக்கேம்மா.”

“ரெண்டெழுத்து படிச்சிட்டா கண்ணு கூடுதலா தெரியுமோ? சட்டியை எடுலே.”

பெரிய மீன்கள் இரண்டையும் சட்டிக்கு மாற்றினோம். விடிவதற்குள் அவை துள்ளித் தரையில் விழுந்து செத்துக்கிடந்தன. இரண்டு நாளில் குஞ்சுகளும் வெளுத்துச் செத்துப்போயின.

“குஞ்சை வாயில எடுத்து வேற இலைக்கு மாத்துமாம், துரை சொல்லுதாரு,” என்றார் திரும்பி வந்த அப்பா.

“அப்ப என் கண்ணு பொய்யா?” அம்மா இன்றும் அதையேதான் கேட்கிறாள். அந்த மீன் குஞ்சைத் தின்னவும் செய்யும், இடம் மாற்றவும் செய்யும் என்கிறார் என் விலங்கியல் ஆசிரியர். அன்று செய்தது எது என்று பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே தெரியவில்லை. செத்த மீன்களுக்காகத் துரை அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தது, மொத்தம் பதினான்கு ரூபாய்.