றைன் கரையில் அக்காவுக்கென்று ஒரு அறை

கரவெட்டியில் பிறந்து, பிரான்சின் அல்சாஸ் மண்ணில் கண்மூடிய எங்கள் அக்காவைப் பற்றி எழுதும்படி மருமக்கள் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சுவிசின் பாசல் நகருக்குக் கோப்பை கழுவ வந்து, இன்று சொந்த உணவகமும் சொந்த வீடும் வைத்திருப்பவன். இதையும் எழுதுவேன்.

அம்மா போனபின் எங்களை ஆளாக்கியவர் அக்காதான். சண்டைக் காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் அத்தானோடு பிரான்சில் அகதியானார். நான் சுவிசில். நடுவில் ஒரு எல்லை மட்டும்தான். இருவர் கடதாசிக்கும் அதைத் தாண்ட அனுமதியில்லை. ஞாயிறுகளில் அக்கா அந்தப் பக்கம் வந்து நிற்பார். அவருடைய புட்டுப் பார்சலை எல்லைக் காவலர் வாங்கி என்னிடம் தருவார். புட்டுக்கு விசா கேட்கவில்லை.

"தம்பி, மெலிஞ்சு போனாய்!" என்று கத்துவார்.

"கண்ணாடியை மாத்துங்கோ அக்கா!"

பிறகு எல்லையில் ஆரும் மறிக்காத காலம் வந்தது. அத்தானும் காலமானார். என்னோடு வந்திருக்கச் சொல்லி, றைன் ஆறு தெரிகிற பெரிய அறையை அக்காவுக்கென்றே ஒதுக்கினேன். பாசலில் எங்கள் ஆட்களில் வேறு ஆரிடமும் அப்படியொரு அறை இல்லை.

அக்கா வரவில்லை. அவரின் பக்கத்து வீட்டு மதாம், பிரெஞ்சுக்காரர் அம்மாமாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அல்சாஸ்காரி. அவவின் தாய் பிறந்தபோது அந்த ஊர் ஜெர்மனி. பிறகு பிரான்ஸ், திரும்ப ஜெர்மனி, திரும்பவும் பிரான்ஸ். எல்லாம் ஒரே வீட்டில் இருந்தபடியே. அரசாங்கக் கந்தோரில் பிரெஞ்சு, அடுப்படியில் எங்கள் பாசல் ஜெர்மனுக்கு உறவான ஒரு பாஷை. அக்கா அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு என்னோடு மல்லுக்கட்டுவார்.

"மதாமின்ரை தாய்க்கு நாடுதான் மாறினது தம்பி, வீடு மாறேல்லை. நான் எத்தினை வீட்டை விட்டிட்டு வந்தனான். இனியும் என்னை எழுப்பாதை."

நோய் முற்றியபோது, உணவகத்தை மகனிடம் விட்டுவிட்டு நான்தான் அங்கே போய்த் தங்கினேன். ஒரு பின்னேரம் அக்கா கேட்டார்:

"அந்த அறை இன்னும் சும்மாதான் கிடக்கோ?"

"ஓம் அக்கா."

"வாடகைக்கெண்டாலும் குடுத்திருக்கலாமே, விசரா. யன்னலாலை என்ன தெரியும்?"

"ஆறு. தூரத்திலை உங்கடை பிரான்ஸ்."

"அப்ப நீ என்னைப் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்."

அதன்பின் சில நாட்களில் அக்கா கண்மூடினார்.

கடைசிவரை கஞ்சி வைத்துத் தந்த மதாமுக்கும், முகம் சுளிக்காமல் பராமரித்த தாதிமாருக்கும், சூரிச்சில் இருந்தும் சோலோதுர்னில் இருந்தும் ஓடிவந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு என் வீட்டுக்கு வந்திருக்கும் நீங்கள், அந்த அறைக்குள்ளும் ஒருக்கால் போய் வாருங்கள். அக்காவின் படத்தை ஏன் யன்னல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள். அக்கா தன் வீட்டைப் பார்க்கட்டும்.

தம்பி,
பாசல்