ஜாக்கிகளுக்குப் பொட்டு

கட்டடத்தைத் தூக்கப் போகிறார்கள் என்று என் கணவர் வந்து சொன்னபோது நான் இட்லி மாவில் உப்புப் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"வீடு என்ன குக்கரா, தூக்கி இறக்கி வைக்கதுக்கு?" என்றேன்.

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏதோ ஊரில் ஒரு மூன்று மாடி வீடு மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. போனில் யானைகூடத்தான் பறக்கும் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

கல்கத்தாவில், கிடர்பூரில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் திரும்பும் தெருவில் எங்கள் டிபன் கடை. கணவர் துறைமுக ஆபீசில் இருந்தபோதே நான் ஆரம்பித்தது. ரிட்டயரான மறுநாளே அவரும் தோசைக்கல் முன்னால் வந்து நின்றுவிட்டார். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய கட்டடம் அது. கீழே எங்கள் கடை, மாடியில் வீட்டுக்காரர். அவர் அலிப்பூர் கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவர், தனியாள். நான் அவரை தாதா, அதாவது அண்ணன், என்பேன்; அவர் என்னை திதி, அதாவது அக்கா, என்பார். அவர் பேசுவது பெங்காலிதான். இத்தனை வருஷத்தில் அது என் காதில் தமிழாகவே விழ ஆரம்பித்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

எதிர்ச்சாரியில் இருந்த பழைய கிடங்குகளை இடித்துவிட்டு, கண்ணாடி போட்ட பெரிய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் ஒன்று எழும்ப ஆரம்பித்ததிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி. அவர்கள் வாசல் உயர்ந்தது. வாசலுக்குத் தோதாக ரோடும் உயர்ந்தது. போட்ட ரோட்டின் மேலேயே மறுபடி ரோடு போட்டார்கள். கடைசியில் கடைக்குள் வர வாடிக்கைக்காரர்கள் படி இறங்க வேண்டியிருந்தது. இரண்டு மழைக்காலம் கணுக்கால் தண்ணீரில் நின்று தோசை வார்த்தேன். ஒரு நாள் சட்னிப் பாத்திரம் என் கண் முன்னாலேயே மிதந்து வாசலுக்குப் போனது. சிரித்தேன், பிறகு உட்கார்ந்து அழுதேன்.

பழைய வீடுகளை வாங்கி இடித்துக் கட்டுகிறவர்களை இங்கே ப்ரொமோட்டர் என்பார்கள். அப்படி ஒருவர் மாடிக்கு மூன்று தடவை வந்து போனார். நல்ல சட்டை, அதைவிட நல்ல பேச்சு. அவர் கட்டப்போகும் இடத்தில் இட்லிக் கடைக்கு இடம் இருக்காது என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் கணவர் போனில் இந்த வித்தையைக் கண்டுபிடித்து, தாதாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

தாதா தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார்: "தூக்கிப் பாருங்க, திதி. எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா மேல என் சுவத்துல ஒரே ஒரு விரிசல் விழுந்தாலும் நான் ப்ரொமோட்டருக்குக் கையெழுத்துப் போட்டுருவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. போன வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால்தான் மாடிச் சுவர் முழுக்க வெள்ளைப் பட்டி பூசி, வழவழவென்று பெயிண்ட் அடித்திருந்தார். அந்த வாடை ஒரு வாரம் என் சாம்பாரில் இறங்கி, நானும் அவரும் சண்டை போட்டுக்கொண்டோம்.

தூக்குகிறவர்கள் வந்தார்கள். தலைவர் ஒரு பீகார்க்காரர். எல்லாரும் மிஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. என்னை மாதாஜி என்றார். சாமான்களை ஒதுக்கிவிட்டு நாங்கள் நடைபாதையில் தார்ப்பாய் கட்டி அடுப்பு வைத்துக்கொண்டோம். அவர்கள் சுவரடியைத் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் இரும்புச் சட்டம் கொடுத்து, சட்டத்தின் அடியில் வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தினார்கள். லாரிச் சக்கரம் மாற்றும்போது வைப்பார்களே, அதே திருகு ஜாக்கிதான். அதன் அண்ணன்மார். நூற்றுக்கு மேல் இருக்கும். பத்து நாளில் கட்டடம் தரையை விட்டுவிட்டு ஜாக்கிகளின் மேல் நின்றது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

தாதா கீழே இறங்க மாட்டேன் என்றுவிட்டார். "கேஸ் நடக்கும்போது கட்சிக்காரன் கோர்ட்டை விட்டுப் போகலாமா?" என்று பால்கனியில் பேப்பரை விரித்துக்கொண்டார்.

மிஸ்திரி விசில் ஊதினார். ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கால் சுற்றுத் திருகினார்கள். நிறுத்தினார்கள். மறுபடி விசில், மறுபடி கால் சுற்று. கட்டடம் அசைந்ததாகவே தெரியவில்லை. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வாயைத் திறக்கப் போனேன். அப்போது சுவரின் அடியில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. நூல் போல இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் அகலமானது. குனிந்து பார்த்தால், என் கடையின் அடி வழியாகப் பின்பக்கத்துச் சந்தும் அங்கே ஒரு பூனையும் தெரிந்தன. மேலே தாதா பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். நான் கரண்டியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது, ஆனால் யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் குறை சொல்வதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். சுவர்கள் மேலே போயின, தரை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் சாமி படம் இருந்த சுவரலமாரி தினம் எனக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. சாமி படத்துக்குப் பூ வைக்க முதல் நாள் கையை நீட்டினேன், மூன்றாம் நாள் எம்பினேன், அடுத்த வாரம் முக்காலி போட்டேன். கணவர், "சாமி கைக்கு எட்டாமப் போகுது, இனியாவது வாயைக் குறைச்சுக்கோ, கேட்டியா?" என்றார். அவருக்கு அப்படி ஒரு உற்சாகம்.

தூக்க வேண்டியது மூன்று அடி. இரண்டு அடி ஏறியிருந்தபோது விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்று கல்கத்தாவில் கருவிகளை யாரும் தொடமாட்டார்கள். பட்டறைகளில் பூஜை, மொட்டைமாடிகளில் பட்டம். மிஸ்திரி ஒரு சின்ன சிலையை வாசலில் வைத்து, ஒரே ஒரு ஜாக்கிக்கு மட்டும் மாலை போட்டார்.

"இன்னிக்கு எல்லாக் கருவிக்கும் லீவு, மாதாஜி. இதுங்களுக்கு மட்டும் கிடையாது. பாரம் தலையில இருக்கே," என்றார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பந்தலுக்குக் கிச்சுடி சாப்பிடப் போனார்.

அந்த வார்த்தை எனக்குள் புகுந்துகொண்டது. நம் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள்மணையிலிருந்து கிரைண்டர் வரை துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்காமல் விட்டதுண்டா? இங்கே என் பிழைப்பையே தலையில் தாங்கிக்கொண்டு நூறு பேர் நிற்கிறார்கள். ஒருத்தனுக்கு மாலையைப் போட்டுவிட்டு மற்றவர்களை அழுக்கோடு விட்டால் எப்படி? அழுக்கின் மேல் பொட்டு வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு ஜாக்கியாக எண்ணெய்ப் பிசுக்கு, சிமெண்டு, கிறுக்கல் எல்லாம் போகப் பளிச்சென்று துடைத்தேன். திருகுத் தலையின் முகப்பில் சந்தனம் இட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். சுவரடியில் தவழ்ந்து தவழ்ந்து முட்டி தேய்ந்துவிட்டது. முடித்து நிமிர்ந்தபோது வரிசை வரிசையாகச் செக்கச் சிவந்த பொட்டுகள். மனசு நிறைந்துபோனது.

மறுநாள் காலையில் வந்த மிஸ்திரி ஒரு ஜாக்கியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதன் உடம்பை உள்ளங்கையால் தடவினார். அடுத்ததைத் தடவினார். வரிசை முழுவதும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இங்க சாக்பீஸ்ல எழுதியிருந்ததே," என்றார்.

கிறுக்கல் என்று நான் துடைத்தவைதான் அவருடைய கணக்கு. எந்த ஜாக்கி எத்தனை சுற்று ஏறியிருக்கிறது, பாரம் அதிகமான இடத்தில் எதற்கு அரைச் சுற்று கூடக் கொடுத்தது, எதை நிறுத்தி வைத்தது, எல்லாம் அதனதன் உடம்பிலேயே எழுதியிருந்தார். இப்போது எதுவும் இல்லை. குருட்டாம்போக்கில் திருகினால் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் தங்கும், சுவர் பிளக்கும். அப்படியே விட்டுவைக்கலாம் என்றால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தோண்டிய மண்ணில் மழைத் தண்ணீர் இறங்கினால் ஜாக்கியே புதையும்.

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாந்தான் தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. நான்தான் துடைச்சேன்," என்றேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அன்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். என் கடையை நானே என் கையால் துடைத்துப் போட்டுவிட்டேன். மாடியில் தாதா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மிஸ்திரி திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீரை நிரப்பி, மூலைக்கு மூலை பிடித்து மட்டம் பார்த்தார். பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாக்கியையும் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பாரம் தாங்குகிறது ஒரு மாதிரி ஒலிக்கும், சும்மா நிற்கிறது வேறு மாதிரி ஒலிக்கும் என்றார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. அரை நாள் ஆனது. தெருவைப் பார்த்த இடது மூலை மட்டும் நகக்கண் அளவு தாழ்ந்திருந்தது. அதை அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாக ஒரு முழுச் சுற்று ஏற்றி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்த விரல்களின் பொறுமையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்கப்புறம் என்னைக் கூப்பிட்டார். "மாதாஜி, எல்லாப் பொட்டும் ஏன் ஒரே பக்கம் பாக்குது?"

"வாசலைப் பாத்துதானே வைக்கணும்? சாமிக்கு யாராவது முதுகில பொட்டு வைப்பாங்களா?"

முதல்முறையாக அவர் சிரித்தார். "சரியாப் போச்சு. திருகினா தலை சுத்தும், தலை சுத்தினா பொட்டும் சுத்தும். முழுச் சுத்து முடிஞ்சா திரும்பத் தெருவைப் பாக்கும். இன்னிலேர்ந்து இதுதான் கணக்கு."

விசில் ஊதினார். நூற்றுச் சொச்சம் பொட்டுகள் ஒன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டன. அடுத்த விசிலுக்கு எல்லாம் சுவரின் இருட்டுக்குள் போய் மறைந்தன. ஒரு சிவப்பு இல்லை. அடுத்த விசில். அதற்கடுத்த விசிலுக்கு அத்தனையும் ஒரே நொடியில் திரும்பி வந்து தெருவைப் பார்த்தன, என்னைப் பார்த்தன. அவற்றின் தலைமேல் கடை, மாடி, ஒரு மனிதர், அவருடைய கட்டில், பீரோ, மீன் சட்டி எல்லாம் ஒரு சுற்று மேலே போயிருந்தன. பஸ்சுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிரே காம்ப்ளெக்ஸில் சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஆட்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் கோயில்களில் எத்தனையோ தீபாராதனை பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மூன்று அடியும் ஏறியது. ஜாக்கிகளுக்கு நடுவே செங்கல் கட்டி, காய்ந்ததும் ஒவ்வொரு ஜாக்கியாகத் தளர்த்தி எடுத்து, அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். கடைக்கு இப்போது மூன்று படி ஏறி வர வேண்டும். மிஸ்திரிக்கு அடுத்த வேலை திகாவில். கடற்கரையில் ஹோட்டல்காரர்கள் ரோட்டை உயர்த்தி உயர்த்தி, பழைய லாட்ஜ் ஒன்று பள்ளத்தில் போய்விட்டதாம். ஜாக்கிகளை லாரியில் ஏற்றினார்கள். ஒன்றின் பொட்டையும் யாரும் அழிக்கவில்லை.

லாரி போனதும் மாடியிலிருந்து தாதா கூப்பிட்டார். "திதி, வாங்க. சுவரைப் பாத்துரலாம்."

டார்ச்சை அடித்துக்கொண்டு அறை அறையாகப் போனோம். ஹால் சுத்தமாக இருந்தது. சமையலறை சுத்தம். கடைசியாகப் படுக்கையறை, தெருவைப் பார்த்த இடது மூலை. ஜன்னலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு, தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. டார்ச் வெளிச்சம் அதன் மேல் போய் நின்றது. என் தலைக்குள் ப்ரொமோட்டரின் நல்ல சட்டை வந்து போனது.

தாதா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார்.

"இது பழசு," என்றார். "நீங்க முதமுதல்ல கடை கேட்டு வந்தீங்களே, அன்னிக்கே இருந்தது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

புதுப் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு, உள்ளே பட்டியின் வெள்ளை தெரிய, அந்தக் கோடு ஓடியிருந்தது. அதன் நேர் கீழே தரையில் இரண்டு மூன்று பெயிண்ட் செதில்கள் உதிர்ந்து கிடந்தன. தாதா என் முகத்தைப் பார்க்காமல் செருப்புக் காலை மெதுவாக நகர்த்தி அவற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

முப்பது வருஷம் கோர்ட்டில் இருந்த மனிதர். சாட்சி ஒன்றுக்கு இரண்டாக இருந்தால்தான் சொன்னது நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

"ஆமா தாதா," என்றேன். "பழசுதான்."