சவரிமுத்து சரிசெய்த படங்கள்

செவ்வாய்க்கிழமை காலை. கடையின் இரும்புக் கதவை அப்போதுதான் தூக்கியிருந்தோம். சுவரில் மாட்டியிருந்த டிவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தேன். ஏழாவது டிவிக்கு வந்தபோது கைப்பேசி அடித்தது. சவரிமுத்துவின் மூத்த மகள் ரோஸ்லின். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாரு" என்றாள். வேலைக்குக் கிளம்பி, வாசலில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஒரு காலில்தான் காலணி இருந்ததாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் தோன்றியது, "இரண்டு மணிக்கு யோங் பெங் ஊர் வீட்டுக்கு யார் போவது?" என்பதுதான். பதினெட்டு வருடப் பழக்கம் அது. புது டிவியில் படம் சரியில்லை என்று யாராவது கத்தினால் சவரி போவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்படி ஒரு எண்ணம் வந்ததே என்ற வெட்கத்தில்தான் அழுகை வந்தது. ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எங்கள் சீன முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். ஓடிக்கொண்டிருந்த டிவிகளை எல்லாம் அணைத்தார்.

எங்கள் ஊர் பத்து பாகாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் கடையில் டிவி வாங்கிய உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும். நெட்டையான ஒல்லி உடம்பு, நீளமான கழுத்து. இடுப்பு வாரில் கடைக்காரன் போட்ட ஓட்டைகள் போதாமல் ஆணியால் அவரே இன்னும் மூன்று போட்டிருப்பார். தோள்பையில் ஸ்குரூ டிரைவரோடு ஒரு ஜோடி சுத்தமான காலுறையும் இருக்கும். உங்கள் வீட்டு வாசலில் நின்று பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். கொடுப்பதைக் குடித்துவிட்டு, "இப்ப சொல்லுங்க, என்ன பாக்கும்போது நல்லா இல்ல?" என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் ரிமோட்டைத் தொடுவார்.

அடக்கம் முடிந்து மூன்று வாரம் இருக்கும். அவர் மனைவி செலின் கூப்பிட்டாள். முப்பதாம் நாள் ஜெபத்துக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். அன்றைக்கு அப்பாவைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் புது டிவி வாங்கியிருந்தார்கள். விற்றதே நான்தான். அவர் அசையும் படமாக இருப்பது அவர்கள் வீட்டில் ஒன்றே ஒன்று, கல்யாண வீடியோ. ஊர் விசேஷங்களில் எல்லாம் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவரை வேறு யார் படம் பிடித்தார்கள்? அந்தக் கல்யாணக் கேசட்டை டிவிடி தட்டில் ஏற்றிப் போட்டிருக்கிறார்கள்.

"அக்கா, அது அவரு இல்லக்கா" என்றாள் செலின்.  "எவனோ குண்டா, செவப்பா, கழுத்தே இல்லாம நிக்கிறான். பக்கத்துல நான் நிக்கிறேன். பாக்கப் பாக்க அவரோட நெஜ மூஞ்சி எனக்கு மறந்து போவுது. நீங்கதானே வித்தீங்க. வந்து பாருங்கக்கா."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. படம் சரியில்லை என்றால் நான் கூப்பிடும் ஆளே இல்லையே!

எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டைகளை எழுதினால் புத்தகம் போடலாம். பெரும்பாலும் மீனைப் பற்றித்தான். டிவிக் கடையில் ஓடும் மீன் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீலத் தண்ணீரில் மஞ்சளும் சிவப்புமாக மீன்கள் நீந்தும். கையை நீட்டினால் ஈரமாகிவிடும் போலிருக்கும். கடை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று நிறத்தையும் பளபளப்பையும் உச்சத்தில் வைத்திருப்போம். நான் மீனைக் காட்டினேன் என்றால் வந்தவர் வாங்காமல் போகமாட்டார். அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஆனால் மறுநாள் அதே ஆள் போன் செய்து, "என்னம்மா வித்தீங்க? செய்தி வாசிக்கிறவன் அவிச்ச நண்டு மாதிரி இருக்கான்!" என்று திட்டுவார். சவரி போய்ச் சரிசெய்துவிட்டு வந்து என் முன்னால் நிற்பார்.

"நீங்க மீனக் காட்டி வித்துட்டீங்க பரமுக்கா. அவங்க வீட்டு டிகோடர் பெட்டியில மீனா வருது? பழைய டிகோடர், பழைய வயரு. உள்ள எது போவுதோ அதுதான் வெளிய வரும்லா."

"மீனக் காட்டாம வேற என்னத்தக் காட்டச் சொல்றீங்க? உங்க மூஞ்சியையா?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த முறையும் அதையேதான் சொன்னார். இரண்டு வயது மூத்தவள் என்று அக்கா போடுவாரே தவிர, விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

ஒருமுறை பண்டார் தெங்காராவிலிருந்து ஒரு புகார். செம்பனைத் தோட்டத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற கணவன் மனைவி. சிங்கப்பூரில் வேலைசெய்யும் மகன் பெரிய டிவியாக எடுத்துக் கொடுத்திருந்தான். படம் புகை மூட்டமாக இருக்கிறது, டிவியே ரோசாக், பழுது என்று அந்தப் பையன் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டான். என் பேர் கெட்டுவிடுமே என்று நானும் சவரியோடு வேனில் ஏறினேன். அந்த வீட்டில் சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. திரையின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். திரையின்மேல் கம்பெனிக்காரன் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளும் அப்படியே இருந்தது! உரித்தால் புதுசு போய்விடுமாம். கூட வந்த நல்ல கேபிளோ சாமி அலமாரியில் பத்திரமாகப் படுத்திருந்தது. "புதுசாச்சே, நல்ல நாள் பாத்து மாட்டலாம்னு வச்சேன்" என்றார் அந்த அம்மா. அதுவரைக்கும் பழைய மஞ்சள் வயரில் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சவரி என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு அந்த அம்மாவிடம், "நான் உரிச்சா நான் கெடுத்த மாதிரி இருக்கும்மா. நீங்களே உரிங்க. பொட்டு வச்ச மூலைய விட்டுட்டு இந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க" என்றார். அந்த அம்மா பலகாரத்தைச் சட்டியிலிருந்து எடுப்பதுபோல அத்தனை பக்குவமாக உரித்தார். தாளோடு வந்துவிட்ட குங்குமத்தைச் சவரி டிவியின் கால்மேல் வைக்கச் சொன்னார். கேபிளை மாற்றி, டிகோடரில் ஏதோ தட்டி, எட்டத்திலிருந்து பார்க்கட்டும் என்று நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிப் போட்டார். "அலமாக்! அந்தப் பொண்ணு தோடு தெரியுதே!" என்று அந்த ஐயா எழுந்தே விட்டார்.

திரும்பும் வழியில், "ஏன் சவரி என்னை முறைச்சீங்க?" என்று கேட்டேன். "நமக்கு அது ஒரு டிவி. அவங்களுக்குப் பையன் வாங்கிக் கொடுத்தது. பத்திரமா வைக்கிறதுல என்ன சிரிப்பு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் நாங்கள் நிஜமாகவே முட்டிக்கொண்டது, அதேபோல் நானும் கூடப் போன ரெங்கம் ஊரில். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் உயிரை விடும் ஒரு வாடிக்கையாளர். பழைய படம் சதுரம், புது டிவி அகலம்; அதனால் இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் விடும். "முழுசுக்கும்தானே வாங்கினேன், ஓரத்த ஏன் கறுப்பா விடணும்?" என்று அவர் குதித்தார். சவரி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். "இழுத்து விட்டா எல்லாருக்கும் சதை போட்டுரும் சார். இடம் நெறஞ்சா போதுமா? ஆளு ஆளாத் தெரிய வேணாமா?" அவர் கேட்கவில்லை. எனக்கோ பசி, மணி இரண்டாகியிருந்தது. ரிமோட்டை வாங்கி, சவரி தொட்டுக் காட்டிய அதே பட்டனை நான் அழுத்தினேன். படம் இழுபட்டுத் திரையை அடைத்தது. கதாநாயகன் ஒரு நொடியில் குண்டானான். வாடிக்கையாளர் கைதட்டினார். "பாருங்க, அவ்வளவுதான் விஷயம்" என்று நான் எழுந்தேன். டிவியில் நான் கற்றுக்கொண்ட வேலை அந்த ஒன்றுதான்.

 சவரி அடுத்த ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். இதில் தண்டனை யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? செலின் வைக்கும் மத்தி மீன் சம்பலில் பாதி எனக்குத்தானே வந்துகொண்டிருந்தது! எட்டாம் நாள் நானே பின்கட்டுக்குப் போய், "சரி, என் தப்புதான். சம்பலக் கொண்டாங்க" என்றேன். டப்பாவைத் தள்ளினார். தப்பு என்று நான் நினைக்கவே இல்லை. சம்பலுக்காகச் சொன்னேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

முப்பதாம் நாளுக்கு முந்திய மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு கருவி கிடையாது. மூக்குக் கண்ணாடி மட்டும்தான். வாசலில் அவர் உட்கார்ந்து சாய்ந்த அந்தப் படிக்கல். அதை மிதிக்க மனம் வராமல் தாண்டிப் போனேன். செலின் கோப்பி கொடுத்தாள். ரிமோட்டை எடுக்கப் போன கை நின்றது. முதலில் குடித்தேன். பிறகு, "இப்ப சொல்லு செலின், என்ன பாக்கும்போது நல்லா இல்ல?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கேள்வி யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோஸ்லின் வீடியோவைப் போட்டாள். மண்டபத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவர் நின்றார். தக்காளி மூஞ்சி. தோள்மேல் நேராகத் தலை. சத்தியமாக எனக்கே அடையாளம் தெரியவில்லை. தக்காளியின் காரணம் மட்டும் உடனே புரிந்தது. கடையில் மீன் காட்டுவதற்கு வைத்திருந்த அதே பளபளப்போடு டிவியை அப்படியே அனுப்பிவிட்டிருக்கிறேன். சவரி இருந்தால் மாட்டியதும் முதல் வேலையாக அதைத்தான் மாற்றியிருப்பார். இந்த முறை மாற்ற ஆள் இல்லை.

மெனுவைத் திறந்து தேடினேன். நான் எதையோ அழுத்த, எழுத்தெல்லாம் சீனத்துக்கு மாறிவிட்டது. "ஆன்ட்டி, சுசாலா, கஷ்டமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ரோஸ்லின் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து மீட்டுக் கொடுத்தாள். கடை நிறத்தை விட்டு வீட்டு நிறத்துக்கு மாற்றினோம். சிவப்பு வடிந்து மாநிறம் வந்தது. திரையின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். தாள் எதுவும் இல்லை. வயரை அழுத்திப் பார்த்தேன். படம் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது.

"இந்த டிவி வேணாம் ஆன்ட்டி, மாத்திக் கொடுங்க" என்றாள் ரோஸ்லின்.

"டிவி நல்லாத்தான் இருக்கு கண்ணு. அது இருபத்தஞ்சு வருசத்துக் கேசட்டு. உள்ள எது போவுதோ அதுதான் வெளிய வரும். இதுக்கு மேல தெளிவா வராது."

செலின் தலை குனிந்தாள். "அப்போ அவரு மூஞ்சி இவ்வளவுதானாக்கா?" என்றாள்.

அப்போதுதான் அந்த மாப்பிள்ளை ஒரு பக்கமாகத் திரும்பினார். பக்கவாட்டில் அந்தத் தலை முட்டை மாதிரி படுத்துக் கிடந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன். ரெங்கத்தில், என் கையால், ஒரு கதாநாயகனுக்குச் செய்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரே பட்டன் இந்த ரிமோட்டில் இல்லை. மெனுவுக்குள் ஒளிந்திருந்தது. படத்தின் அளவு என்ற இடத்துக்குப் போய், பழைய சதுரத்தைத் தேர்ந்து அழுத்தினேன். திரையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கறுப்பு உள்ளே வந்தது. நடுவில் இருந்தவர் ஒடுங்கினார், நீண்டார்.

"கழுத்து வந்துருச்சு!" என்று கத்தினாள் செலின். "ரோஸு, அப்பா கழுத்து வந்துருச்சு பாரு!"

கலங்கல்தான். ஆனால் சவரிதான். கோட்டுக்குள் கம்பு செருகியதுபோல நின்றுகொண்டு, வீடியோ எடுப்பவரிடம் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார். இசையை மீறிக் கொஞ்சம் கேட்டது: "அந்த லைட்ட கொஞ்சம் தள்ளி வைங்க அண்ணே, பொண்ணு மூஞ்சி வெளுத்துப் போவுது." தாலி கட்டிய கையோடு! செலின் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் இரண்டும் ஒன்றாகவே வந்தது.

ரோஸ்லின்தான் சற்று நேரம் கழித்து, "ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே ஆன்ட்டி?" என்றாள். நான் வாயெடுக்கும் முன் செலின் சொன்னாள்: "இருந்துட்டுப் போவட்டும்லா."

மறுநாள் ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். நாற்காலிகளைச் சுவரோரம் நான்தான் தள்ளிப் போட்டேன்.

சவரியின் பையை முதலாளி எனக்குத் தருவதாகச் சொன்னார். ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? காலுறையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இப்போதெல்லாம் வருகிறவரிடம் மீனைக் காட்டும் முன், வீட்டில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்கிறேன். வியாபாரம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. முதலாளி முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

ரெங்கத்தில் செய்தது தப்புதான், சவரி. இந்த முறை சம்பலுக்காகச் சொல்லவில்லை. மீனக் காட்டாம உங்க மூஞ்சியையா காட்டச் சொல்றீங்க என்று கேட்டேனே, அதைத்தான் கடைசியில் காட்டினேன். ஓரம் கறுப்பாகத்தான் இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.