மனு பாய்க்கு வந்த அழைப்பு

அத்தாவை அடக்கம் செய்து பதினோரு நாள் கழித்து அவருடைய செல்போனைத் திறந்தேன். படிக்காத செய்திகள் முப்பத்தாறு. அவற்றில் ஒன்று அரசு அலுவலகத்திலிருந்து வந்தது. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று அவர் கொடுத்திருந்த மூன்றாவது மனு முடித்துவைக்கப்பட்டிருந்தது. காரணம்: மனுதாரர் திருப்தி.

தேதியைப் பார்த்தேன். அன்று அவர் ஆஸ்பத்திரியில் பதினான்காம் நாள். கண்ணும் நகமும் மஞ்சளாகிவிட்டிருந்தன. அந்தத் தண்ணீரால் வந்த காமாலை. அதற்குப் பிறகு ஐந்து நாள்தான் இருந்தார்.

யாரோ பொய்யாகப் பதிந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். உட்கார்ந்து அழ நேரமில்லை. தம்பி மன்சூரின் மனைவி ரூபினாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஹெபடைடிஸ் இ என்ற இந்த வைரஸ் பெரும்பாலானவர்களுக்கு வந்துவிட்டுப் போய்விடும். அத்தாவுக்கு ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்ததால் தாங்கவில்லை. கடைசி மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால் நாலைந்து பேரில் ஒருவர் பிழைப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். ரூபினாவின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார். அவளுடைய தாய்வீடும் அதே சந்தில், அதே குழாயில். நான் இருப்பது கே.கே. நகரில் ஒரு பெண்கள் விடுதியில். அவளை அனுப்ப வேறு இடமில்லை.

குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினோம். ஆனால் தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது வாயை மூன்று முறை கொப்பளிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அதைக் குழாய்த் தண்ணீரில்தான் செய்துகொண்டிருந்தாள். எனக்கு அது உறைத்தது அத்தா இறந்த ஒன்பதாம் நாள். கேன் தண்ணீரிலேயே செய்யச் சொன்னேன்.

"அப்ப பாத்திரம் கழுவுறது, மதினி? குளிக்கிறது?" என்றாள்.



அத்தாவின் பெயர் முஜிபுர் ரஹ்மான். நெல்பேட்டைப் பக்கம் பஞ்சுக்கிட்டங்கிச் சந்தில் முப்பத்தெட்டு வருடம் குக்கரும் கேஸ் அடுப்பும் பழுது பார்த்தார். கடை ஆறடிக்கு நாலடி. படிப்பு எட்டாம் வகுப்பு. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ரேஷன் கார்டில் பெயர் தப்பு, தெருவிளக்கு எரியவில்லை, விதவைப் பென்சன் நின்றுவிட்டது என்று சந்தில் யாருக்கு எது என்றாலும் மனு எழுதுவது அவர்தான். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுப்பார். திங்கட்கிழமை மனு நாள் என்பதால் அன்று கடைக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமைகூட ஜும்ஆ தொழுகை முடிந்ததும் திறப்பார். திங்கட்கிழமை திறந்ததே இல்லை.

சந்தே அவரை 'மனு பாய்' என்றுதான் கூப்பிட்டது.

"என்ன மனு பாய், கலெக்டரு உங்களுக்காகத்தேன் வாசல்லயே நிக்கிறாராமே?"

"நிக்கட்டும்ப்பா. கையில ரெண்டு குக்கர் இருக்கு. முடிச்சுட்டு வாரேன்னு சொல்லிரு."

ஓட்டுப் போடுவது பாதி வேலை, மிச்சப் பாதி மனு என்பது அவர் கணக்கு. சந்தின் தெருவிளக்கு நாலாவது மனுவில் எரிந்தது. எரிந்த மறு திங்கட்கிழமை அவர் ஒரு நன்றி மனு எழுதிக்கொண்டு போனார். கவுண்டரில் இருந்தவர் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"இதுல கோரிக்கை என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல சார். நன்றிதான்."

"கோரிக்கை இல்லாம பதிய முடியாது பாய்."

அத்தா பேனாவை எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'மேற்படி விளக்கு தொடர்ந்து எரிய ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.' பதிவெண் கிடைத்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போன ஐப்பசி மழையில் குழாய்த் தண்ணீர் நாற ஆரம்பித்தது. முதல் மனுவுக்கு ஒருவர் வந்தார். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டார், போட்டோ எடுத்தார், போனார். இரண்டாவது மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது. மூன்றாவதைக் கொடுத்த மறுநாள் காய்ச்சல்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பத்து வருடமாக ஊரார் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன். முதல் மனுவின்போதே அத்தாவிடம் சொன்னேன், சாம்பிள் எடுத்து ரிப்போர்ட் தருகிறேன் என்று.

"சொந்த மக குடுக்குற ரிப்போர்ட்டு சாட்சி ஆகாதும்மா. அரசாங்கம் வந்து பாக்கட்டும். அதுக்குத்தான அது இருக்கு."

நானும் விட்டுவிட்டேன். விட்டது என் தப்பு.

அந்தச் செய்தியைப் படித்த மறுநாள் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் பதினோரு வீட்டில் சாம்பிள் பிடித்தேன். கழிவு கலந்திருந்தால் ஒரு நாளில் கறுத்துவிடும் மருந்துக் குப்பிகள். மறுநாள் பார்த்தபோது முதல் மூன்று வீட்டுக் குப்பிகள் தெளிவாக இருந்தன. நாலாவது வீட்டிலிருந்து எட்டும் கறுப்பு. மூன்றாவது வீட்டுக்கும் நாலாவது வீட்டுக்கும் இடையே பன்னிரண்டு அடி. அங்கே தோண்ட வேண்டும். அம்புட்டுத்தான். எங்கள் வீடு ஏழாவது.

குப்பிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு மன்சூருடன் அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் ஜெயபாண்டி கேட்டுக்கொண்டார். குப்பிகளையும் பார்த்தார்.

"தனியார் ரிப்போர்ட்டு எங்களுக்குச் செல்லாது மேடம். புது மனு ஒண்ணு போடுங்க. முப்பது நாள்ல பதில் வரும்."

"முப்பது நாள் இல்ல சார். வீட்ல புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு."

"எனக்குப் புரியுது. ரோட்டை வெட்டணும்னா உயிரோட ஒரு மனு நம்பர் வேணும். உங்க அத்தா மனு முடிஞ்சு போச்சு. முடிஞ்சதைத் திறக்கணும்னா மனுதாரரே வரணும்."

"அவர் மவுத்தாயிட்டாரு" என்றான் மன்சூர்.

"அப்ப இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ரெண்டும் கொண்டாங்க தம்பி."

மன்சூர் மேசையைப் பிடித்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். "திருப்தின்னு யார் சொன்னது? அதை முதல்ல காட்டுங்க" என்றேன். அதற்காகத்தான் வந்திருந்தேன். பொய்ப் பதிவு என்று தெரிந்தால் மனு தானாகத் திறக்கும். அந்த விதியைப் படித்துவிட்டு வந்திருந்தேன்.

ஜெயபாண்டி மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார். "சத்யப்ரியா, இவங்களுக்கு அந்த ரெக்கார்டிங்கைப் போட்டு விடும்மா."

அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மனு எண்ணைத் தட்டினாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலியைக் கூட்டினாள்.

'வணக்கம் ஐயா. குடிநீர் சம்பந்தமா மனு குடுத்திருந்தீங்க. இப்ப எப்படி ஐயா இருக்கு?'

'அல்ஹம்துலில்லாஹ். நல்லா இருக்கும்மா.'

அத்தாவின் குரல். பின்னால் வார்டின் சத்தம்.

'தண்ணி வருதுங்களா ஐயா?'

'வருதும்மா. காலையில அஞ்சரைக்கு. நீ சாப்டியாம்மா?'

'சாப்டேன் ஐயா. எங்க நடவடிக்கை உங்களுக்குத் திருப்திங்களா?'

'நீங்களே கூப்பிட்டுக் கேக்குறீங்க, அதுவே பெரிய திருப்திம்மா. அல்லா உங்களுக்கு பரக்கத்தைத் தருவான்.'

முடிந்தது. ஐம்பத்திரண்டு வினாடி.

யாரும் பொய் சொல்லவில்லை. என் கையிலிருந்த ஒரே பிடியும் போனது. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் அத்தா இறைவனைப் புகழ்ந்துவிட்டு நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். அம்மா இறந்த அன்று கேட்டவர்களிடமும் அப்படித்தான் சொன்னார். அந்தப் பெண்ணிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். கறாராகப் பார்த்தால் தண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தது.

"கேட்டுக்கிட்டீங்கள்ல மேடம்? அவரே வாயால சொல்லிட்டாரு. நாங்க என்ன பண்ண?" என்றார் ஜெயபாண்டி. அவர் குரலில் ஏளனம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மன்சூர் எழுந்துவிட்டான். "வாக்கா, போவோம்."

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

எதற்காகக் கேட்டேன் என்று தெரியாது. அவர் குரலுக்காகத்தான் இருக்கும். சத்யப்ரியா மறுபடி போட்டாள். இந்த முறை நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலி அலை கோடாக ஓடியது. 'பரக்கத்தைத் தருவான்' என்பதோடு அது முடியவில்லை. அதற்கடுத்து அரை அங்குலத்துக்குச் சின்னதாக ஒரு மேடு. அப்புறம்தான் வெட்டு.

"அந்தக் கடைசியை மட்டும் போடுங்க. சத்தமா."

போட்டாள்.

'ஒண்ணே ஒண்ணும்மா, அந்த—'

மன்சூர் உட்கார்ந்துவிட்டான்.

கடைக்கு அடுப்பு வந்தாலும் அத்தா இப்படித்தான். பர்னர் நல்ல பர்னர், கம்பெனி நல்ல கம்பெனி, வீட்டில் எல்லாரும் சுகமா, பையன் படிக்கிறானா என்று கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில்தான் டியூப் ஓட்டை என்பார். பெரிய மனிதர்களிடம் இன்னும் மெதுவாக வருவார். அரசாங்கம் முதல்முறையாக அவரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கூப்பிட்டிருக்கிறது. மரியாதையெல்லாம் முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்திருக்கிறார்.

சத்யப்ரியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாந்தேன்க்கா பேசுனேன்" என்றாள். "ஒரு நாளைக்கு நூத்தி இருபது கால். திருப்தின்ன உடனே பட்டனை அமுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிருவோம். அவரு சாப்டியான்னு கேட்டது ஞாபகம் இருக்கு. வேற யாரும் கேக்கலை."

"இதுக்குக் கட்டம் எதுவும் இல்லையா? பேச்சு முடியலைன்னு போட?"

அவள் ஜெயபாண்டியைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "இருக்கு" என்றாள். "'அழைப்பு முழுமை பெறவில்லை'ன்னு இருக்கு. அதைப் போட்டா மனு அதே நம்பர்ல திறந்துக்கும். ரெண்டு நாளைக்குள்ள நேர்ல பாத்தாகணும். ஆனா யார் காலை வெட்டுனாங்கன்னு காரணம் எழுதணும்."

"நீ ஏம்மா வம்பை விலைக்கு வாங்குற?" என்றார் ஜெயபாண்டி. "மெமோ வரும். நீ கான்ட்ராக்ட் ஸ்டாஃப். ஞாபகம் வச்சுக்க."

  அவளைக் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. ரூபினாவின் பெயரைச் சொன்னால் போதும் என்று தெரிந்தது. ஒரு கான்ட்ராக்ட் பெண்ணின் வேலையை அதற்கு ஈடாகக் கேட்கவும் முடியவில்லை. பையைத் திறந்து கறுத்த குப்பிகளில் ஒன்றை எடுத்து அவள் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது எந்த வீட்டுதுக்கா?"

"அவரோடது."

அவள் தட்டச்சு செய்தாள். முதலில் 'தொழில்நுட்பக் காரணத்தால்' என்று அடித்தாள். அதை அழித்தாள். 'மனுதாரர் பேசிக்கொண்டிருக்கும்போது என்னால் துண்டிக்கப்பட்டது' என்று அடித்துத் தன் பெயரைப் போட்டாள். ஜெயபாண்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். மனு எண்ணுக்கு எதிரே சிவப்பாக இருந்த கட்டம் மஞ்சளானது.

ரெண்டு நாள் என்றால் ரெண்டு நாள். வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு ஜெயபாண்டியே நாலு ஆட்களோடு வந்து நின்றார். எங்கே என்று என்னிடம் கேட்கவில்லை. மூன்றாவது வீட்டுக்கும் நாலாவது வீட்டுக்கும் நடுவில் காலால் கோடு கிழித்தார். "இங்கிட்டு வெட்டுங்கப்பா."

மூன்றடியில் நாற்றம் வந்தது. ஆட்கள் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டார்கள். நாலடியில் பார்த்தோம். குடிநீர்க் குழாய் சாக்கடைத் தொட்டியின் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறியிருந்தது. தொட்டிக்குள் கிடந்த பகுதி துருப்பிடித்து, விரல் போகிற அளவுக்கு ஓட்டை. தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாய் காற்றை இழுக்கும். அதோடு தொட்டியில் இருப்பதையும் இழுக்கும். ஜெயபாண்டி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"எங்க சர்வீஸ்ல இது மாதிரி எத்தனையோ..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. போனை எடுத்து, லைனை மூடச் சொன்னார். லாரித் தண்ணீருக்குச் சொன்னார். புதுக் குழாயைத் தொட்டிக்கு வெளியே வளைத்துக் கொண்டுபோகச் சொன்னார். சத்தம் போட்டுத்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் முடிந்தது.

நடுவில், பன்னிரண்டு மணிக்கு, டாக்டரிடமிருந்து ரூபினாவின் முடிவு வந்தது. கிருமி இல்லை. மன்சூர் சந்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். உடம்பில் புகுந்து வெளியே தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம், பதினைந்து நாளில் மறுபடி பார்ப்போம் என்று டாக்டர் சொன்னதை நான் அப்போது அவனிடம் சொல்லவில்லை. ரூபினாவிடம் சொன்னேன். "தெரியும் மதினி, நானும் படிச்சேன்" என்றாள்.

சத்யப்ரியாவுக்கு மெமோ வந்திருக்கிறது. பதில் எழுத அவளோடு உட்கார்ந்தேன். அது என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் புதுக் குழாயில் தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. நாற்றமும் இல்லை. நாலாவது வீட்டிலிருந்து கடைசி வீடு வரை பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ரூபினாவும் நின்றாள், ஒரு கை இடுப்பில். ஜெயபாண்டி முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார், காலையில் தண்ணீர் விடுவோம், பிடித்துக்கொள்ளலாம் என்று. ஒருவரும் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"பிடிக்கலாமா மதினி?"

நான் ஒவ்வொரு குழாயடியிலும் ஒரு குப்பி நிரப்பினேன். எட்டுக் குப்பி. மூடியைத் திருகி வீட்டு எண்ணை எழுதினேன்.

"இன்னும் இல்ல. மூணு நாள், மூணு சாம்பிள். அதுவரைக்கும் லாரித் தண்ணிதான்."

யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குடத்தைக் கீழே வைத்தார்கள்.